கொடுக்கல் வாங்கல்: மின்சாரப் பிக்கப்பைத் தானம் கொடுக்கிறவர்களுக்கு

சென்ற இதழில் பழைய வேன்களைத் தானம் கொடுப்பது பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் மேசையை நிறைத்துவிட்டன. மின்சாரப் பிக்கப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். அன்னதானக் கணக்கு எழுதுவது எப்படி என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கேள்வி: குளிர்சாதனம் பழுதுபார்க்கும் நிறுவனம் நடத்துகிறேன். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய இரட்டைக் கேபின் மின்சாரப் பிக்கப் ஒன்று இருக்கிறது. பேட்டரி 60 கிலோவாட்-மணி. ஓட்டத்தில் குறை இல்லை. ஆனால் ஏணியும் செம்புக் குழாயும் ஏற்ற மூடிய வேன்தான் வசதி என்கிறான் மகன். பழைய வண்டி வாங்குகிறவர்களிடம் கேட்டால், வாங்கிய விலையில் பாதிகூடத் தர மறுக்கிறார்கள். அந்த அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதைவிட ரவாங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தால் புண்ணியமாவது மிஞ்சும், வருமான வரியிலும் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். என் மனைவியோ கோயிலுக்குக் கொடுக்கச் சொல்கிறார். எது சரி, அக்கா?
— வாசகர், செந்தூல்

பதில்: உங்கள் கடிதத்தில் அடிமாட்டு விலை முதலில் வருகிறது, புண்ணியம் அடுத்து வருகிறது, முதியோர் இல்லமும் வருகிறது, முதியோர்கள் மட்டும் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஐயா. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

வரியை முதலில் முடித்துவிடுவோம். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு, அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்த நன்கொடையைத்தான் கழிக்க விடுகிறது. பொருளாகக் கொடுப்பதற்கும் சட்டத்தில் சில வாசல்கள் உண்டு: அரசாங்கத்துக்குக் கொடுக்கும் தொல்பொருள், ஓவியம், கைப்பிரதி, உடற்குறையுள்ளோருக்காகப் பொது இடத்தில் செய்து கொடுக்கும் வசதி, அரசு ஒப்புக்கொண்ட விளையாட்டு நிகழ்ச்சி. எல்லாமே குறுகிய வாசல்கள். முதியோர் இல்லத்துக்குப் போகும் பழைய பிக்கப் எதிலும் நுழையாது. இல்லத்தார் அன்போடு ஒரு ரசீது எழுதிக் கொடுப்பார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், வரிப் படிவத்தில் எழுத முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டி நிறுவனத்துச் சொத்து என்றால், அதற்கு ஆண்டுதோறும் மூலதனச் சலுகை எடுத்திருப்பீர்கள், அதாவது வண்டியின் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்திலிருந்து கழித்திருப்பீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகத்தான் வரிக் கணக்கு போடும். வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகாத வண்டி என்றால் எடுத்த சலுகையையே திருப்பிக் கேட்க வரி வாரியத்துக்கு இடம் உண்டு. வண்டியை ஓட்டிச் செல்லும் முன் உங்கள் வரி முகவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விற்றுப் பணமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 40,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்பதாக வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு உச்சவரம்பு ஒட்டுமொத்த வருமானத்தில் 10 விழுக்காடு. ஆகவே ஆண்டு வருமானம் 4 லட்சம் வெள்ளி இருந்தால் 40,000 முழுவதும் கழியும். சிறு, நடுத்தர நிறுவனத்துக்கு முதல் 1,50,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அதற்கு மேல் 6 லட்சம் வரை 17 விழுக்காடு வரி. அந்த 17 விழுக்காட்டுப் படியில் நீங்கள் இருந்தால் 6,800 வெள்ளி வரி குறைகிறது. இல்லத்துக்கு முழுப் பணம் போகிறது. அடிமாட்டு விலை என்று நீங்கள் சலித்துக்கொள்ளும் தொகை அங்கே பல மாதத்து டயப்பர், மருந்து, சம்பளம்.

இனி இல்லத்துக்கு வருகிறேன். ஒரு முதியோர் இல்லத்தில் வண்டி எதற்கு ஓடுகிறது? டயாலிசிஸ் நாளில் ஒருவரைக் கொண்டுபோய் விட, மருத்துவமனைத் தவணைக்கு இன்னொருவரை அழைத்துப்போக, எப்போதாவது கோயிலுக்கு. முழங்கால் தேய்ந்த ஓர் அம்மாவைப் பிக்கப்பின் உயரத்துக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? இருவர் தூக்க வேண்டும். தூக்குகிறவர்களுக்கே அறுபது வயது. சக்கர நாற்காலியைப் பின்னால் போடலாம், மழை வந்தால் அதுவும் நனையும். ஆட்களைப் பின்தட்டில் ஏற்றுவது குற்றம். அவர்களுக்கு வேண்டியது தாழ்வான தரையுள்ள வேன். நீங்கள் கொடுக்க நினைப்பதோ, உங்களுக்கு ஏணி ஏற்றவே வசதிப்படாத வண்டி.

மின்சாரம் இன்னொரு பேச்சு. பெரும்பாலான இல்லங்கள் வாடகைத் தரை வீட்டில் நடக்கின்றன. மூன்று முள் பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் சுமார் 2.3 கிலோவாட். உங்கள் 60 கிலோவாட்-மணிப் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப ஒரு நாளுக்கும் மேல் ஆகும். அதே வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டிகள், ஆக்சிஜன் கருவி. பழைய வயரிங்கில் ஒரே பிளக்கை இரவு முழுவதும் சூடாக்கிக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதம் இல்லை. 32 ஆம்பியரில் 7 கிலோவாட் தரும் சுவர் சார்ஜர் வைத்தால் ஒன்பது, பத்து மணி நேரத்தில் நிரம்பும். அதற்குத் தனி இணைப்பு இழுக்க வேண்டும், எரிசக்தி ஆணையத்தில் பதிவான மின்பணியாளர் செய்ய வேண்டும், வீட்டுக்காரர் ஒப்ப வேண்டும். சார்ஜர் இல்லாமல் வண்டியை மட்டும் கொடுத்தால், இல்லத்து ஊழியர் பேரங்காடி நிறுத்துமிடத்தில் காத்துக்கிடப்பார், அங்கே ஒரு யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேலும் கொடுப்பார்.

காப்புறுதியையும் பாருங்கள். இழப்பீட்டுக் கோரிக்கை வைக்காததற்காகத் தவணையில் கிடைக்கும் கழிவு தனியார் காருக்கு 55 விழுக்காடு வரை, சரக்கு வாகனத்துக்கு 25 விழுக்காடு வரை ஏறும். அது வண்டியோடு போவதில்லை, உரிமையாளரோடு நிற்கிறது. நீங்கள் சேர்த்த கழிவு உங்கள் புதிய வேனுக்கு வந்துவிடும். இல்லம் சுழியத்திலிருந்து முழுத் தவணை கட்டும். வெள்ளத்துக்கான காப்பு தனி. கேட்டு, கூடுதலாகப் பணம் கட்டினால்தான் கிடைக்கும். மின்சார வண்டிக்கு இருந்த சாலை வரி விலக்கும் 2025 டிசம்பரோடு முடிந்தது. 2026 ஜனவரி முதல் மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வரி. 20 வெள்ளியில் தொடங்கும் என்பதால் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். டயரைச் சொல்வேன், பேட்டரியின் கனத்தில் அது சீக்கிரம் தேயும்.

உங்கள் மனைவி சொல்லும் கோயிலுக்கும் இதே பதில்தான். கோயில் என்பதாலேயே ரசீது வரிக்குச் செல்லுபடியாகாது. வரி வாரியத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும்.

அப்படியும் வண்டியாகவேதான் கொடுப்பேன் என்றால், பிக்கப் தேவைப்படுகிறவரைத் தேடுங்கள். செலாயாங் மொத்தச் சந்தையில் விற்காமல் நின்ற காய்கறியை விடியற்காலையில் எடுத்து வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிற குழுக்கள் இருக்கின்றன. நாள்தோறும் குறைந்த தூரம், ஒரே பாதை, பகலில் ஓய்வு: மின்சாரப் பிக்கப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. அவர்களிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் சார்ஜரோடும் முதல் ஆண்டுக் காப்புறுதியோடும் கொடுங்கள். வேண்டாம் என்றால் விற்றுவிடுங்கள்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப் வைத்திருக்கிறான். வேலை மாறி நியூயார்க் போவதால் அதை ஓர் அறநிறுவனத்துக்குக் கொடுக்கப்போகிறானாம். சந்தை விலை 35,000 டாலர், அவ்வளவையும் வரியில் கழித்துக்கொள்ளலாம், மலேசியாவில்தான் உங்களுக்கு விவரம் இல்லை என்கிறான். உண்மையா?
— வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: பொருளாகக் கொடுத்தாலும் அங்கே கழிவு உண்டு என்பது உண்மை. அவ்வளவையும் என்பது உண்மை இல்லை. முன்பு அப்படித்தான் ஆளுக்கு ஒரு விலை எழுதினார்கள். 2004இல் சட்டத்தைத் திருத்தி, 2005 முதல் வாலை நறுக்கிவிட்டார்கள். 500 டாலருக்கு மேற்பட்ட வண்டியை அறநிறுவனம் வாங்கி அப்படியே விற்றுவிட்டால், எவ்வளவுக்கு விற்றதோ அவ்வளவுதான் கழிவு. ஏலத்தில் 22,000 போனால் 22,000. பெரும்பாலான அறநிறுவனங்கள் ஏலத்தில்தான் விடுகின்றன. அந்த வேலையைச் செய்யும் இடைத்தரகு நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறது.

முழுச் சந்தை விலை எப்போது என்றால், அறநிறுவனம் அந்த வண்டியைத் தன் பணிக்கே கணிசமாக ஓட்ட வேண்டும், அல்லது பெரிய அளவில் பழுதுபார்த்து மதிப்பை உயர்த்த வேண்டும், அல்லது ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ தர வேண்டும். இதில் எது என்று 1098-சி படிவத்தில் அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். விற்றால், விற்ற 30 நாளுக்குள் அந்தப் படிவம் அவன் கைக்கு வர வேண்டும். சந்தை விலையில் 5,000 டாலருக்கு மேல் கோரினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் 8283 படிவமும் வேண்டும். இத்தனைக்கும் பிறகு, செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு வரி கட்டுகிறவனுக்குத்தான் இந்தக் கழிவு. பட்டியல் இல்லாமல் ஒரே தொகையாகத் தரும் பொதுக் கழிவை எடுத்துக்கொள்கிறவனாக இருந்தால் வண்டிக்கு ஒரு காசும் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு 2026 முதல் ஒரு சிறு சலுகை தந்திருக்கிறார்கள். அதுவும் பணமாகக் கொடுத்ததற்கு மட்டும். பாருங்கள், சுற்றிச் சுற்றி அவர்களும் நம் 44(6)க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

அந்த வண்டியின் பேட்டரி 98 அல்லது 131 கிலோவாட்-மணி. அதைத் தன் பணிக்கு ஓட்டுகிற ஓர் அமைப்பை, உணவு வங்கியோ வீடு கட்டிக் கொடுக்கும் குழுவோ, அவனே தேடிப்பிடித்தால் அவனுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. வண்டிக்குக் கடன் இருந்தால் முதலில் அடைத்து வங்கியின் பிடியை நீக்கச் சொல்லுங்கள். கைமாறிய அறிவிப்பை மாநில மோட்டார் வாகனத் துறைக்கு அவனே அனுப்ப வேண்டும். விவரம் இல்லாதது நமக்குத்தானா என்பதைப் பிள்ளையிடம் நீங்களே மென்மையாகக் கேளுங்கள். எனக்கு அந்த மென்மை வராது.

கேள்வி: கெப்போங் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தை நிர்வகிக்கிறேன். தொழிலதிபர் ஒருவர் தம் பழைய மின்சாரப் பிக்கப்பைத் தருவதாகச் சொல்லி, ஒப்படைப்பு விழாவுக்கு நாள் கேட்கிறார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்கிறார் எங்கள் தலைவர். ஆனால் ஏற்கெனவே இப்படி வந்த இரண்டு வேன்கள் மாமரத்தடியில் அசையாமல் நிற்கின்றன. அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது, அக்கா?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: இந்த வாரத்தில் எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையதுதான், அம்மா. மறுக்க வேண்டியதே இல்லை, கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிறவர் கொடுக்கட்டும், எரிச்சல் படுகிறவர் தாமாக விலகிவிடுவார்.

தலைவரிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தப் பழமொழிக் காலத்து மாடு கிழடாக வந்தாலும் சாணியாவது போட்டது. இந்த வண்டிக்குப் பல் என்பது பேட்டரி. அது தேய்ந்துவிட்டால் மாற்றும் செலவு வண்டியின் விலையை எட்டிப்பிடிக்கும். பல்லைப் பார்க்காமல் வாங்கிய இரண்டு மாடுகள் மாமரத்தடியில் நிற்கின்றன அல்லவா?

பார்க்கும் விதம் இப்படி. திரையில் தெரியும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். அது கடைசியாக ஓட்டியவரின் பாதத்தைப் பொறுத்தது. அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் பேட்டரி ஆரோக்கிய அளவீடு எடுத்து, தேதியோடு அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். புதியதில் இருந்த கொள்ளளவில் இன்று எத்தனை விழுக்காடு மிச்சம் என்று அதில் இருக்கும். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை, உத்தரவாதம் தருகின்றன. 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அது பேசும். ஆகவே 72 விழுக்காட்டில் ஏழரை ஆண்டு ஆன வண்டி உங்கள் தலையில்தான் விடியும். உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கும் தொடருமா, அதற்காகச் சேவைப் பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெள்ளத்தில் நின்றதா என்று கேளுங்கள். கேட்கும்போது முகத்தைப் பாருங்கள்.

பிறகு சில்லறை விஷயங்கள். அவை சில்லறை இல்லை என்பது வண்டி வந்த பிறகுதான் தெரியும். சார்ஜ் கேபிள் உடன் வருகிறதா? இரண்டு சாவியும் வருகின்றனவா? வண்டி அவருடைய கைப்பேசிச் செயலியோடு இணைந்திருக்கும். அவர் அதை நீக்கி, உங்கள் அமைப்பின் பெயரில் மாற்றித் தராவிட்டால், வண்டி எங்கே நிற்கிறது என்பதை அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்; பூட்டவும் திறக்கவும்கூட முடியும். பிள்ளைகள் இல்லத்துக்கு இது வேண்டாத தலைவலி. முன்கண்ணாடியில் ஒட்டிய டச் அண்ட் கோ டோல் வில்லையையும் அவர் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் டோலுக்கு அவர் பணம் போகும், மாதக் கடைசியில் மனக்கசப்பு வரும்.

கிராண்ட் என்று நாம் சொல்லும் உரிமைப் பத்திரத்தில் வங்கியின் பெயர் இருக்கக் கூடாது. போக்குவரத்து அபராதச் சம்மன் பாக்கி இருக்கக் கூடாது. புஸ்பாகோம் போன்ற உரிமம் பெற்ற வாகனச் சோதனை மையத்தில் பெயர் மாற்றச் சோதனை முடித்து, ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாறிய பிறகே விழா. மாலையும் ரிப்பனும் முதலில், பெயர் மாற்றம் பிறகு என்றால் அந்தப் பிறகு வருவதே இல்லை. மாமரத்தடியில் நிற்கும் வேன்களின் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இன்னமும் கொடுத்தவர் பெயரில்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

அவருக்கு எழுத வேண்டிய கடிதம் இதோ, அப்படியே படி எடுத்துக்கொள்ளுங்கள்:

“ஐயா, எங்கள் பிள்ளைகளை நினைத்ததற்கு நன்றி. வண்டியை ஏற்கும் முன் எங்கள் செயற்குழு அதன் ஆண்டுச் செலவைப் பார்த்துத் தீர்மானம் எழுத வேண்டியிருக்கிறது. பேட்டரி ஆரோக்கிய அறிக்கை, சேவைப் பதிவு, உத்தரவாத விவரம், கடன் இல்லை என்பதற்கான சான்று ஆகியவற்றை அனுப்பி உதவுங்கள். எங்கள் இல்லத்தில் சார்ஜர் இல்லை. சார்ஜர் பொருத்தும் செலவையும் முதல் ஆண்டுக் காப்புறுதியையும் தாங்கள் ஏற்க முடியுமானால் வண்டி வந்த மறுநாளே ஓடத் தொடங்கும். இயலாது என்றால், வண்டியை விற்று வரும் தொகையை இல்லத்துக்குத் தரலாம்; எங்களிடம் உள்ள வரி அங்கீகாரத்தின்படி அதற்கு ரசீது தருவோம்.”

கடைசி வாக்கியம் உங்களிடம் அங்கீகாரம் இருந்தால் மட்டும். இல்லாமல் எழுதினால் அடுத்த கடிதம் வரி வாரியத்திலிருந்து வரும். இதைப் படித்து அவர் கோபித்துக்கொண்டால், விழாவுக்கு ஆகும் செலவில் பாதி போதும் சார்ஜருக்கு என்று நேரில் சொல்லுங்கள். ஒப்புக்கொள்கிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காததால்தான் அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அந்த இரண்டு வேன்களையும் செயற்குழுத் தீர்மானத்தோடு விற்றுக் கணக்கில் ஏற்றுங்கள். ஓடவே ஓடாது என்றால் ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்து பழைய இரும்புக்குப் போடுங்கள். கொடுத்தவர் மனம் நோகும் என்று மாமரத்தைத் தண்டிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆலயத்துக்கு வரும் பிக்கப்பைத் தலைவரின் பெயரில் பதிந்துகொண்டால் வேலை சுலபம் என்கிறார்கள். செய்யலாமா?
— ஆலயப் பொருளாளர், செராஸ்

பதில்: கூடாது. சங்கப் பதிவிலாகாவில் பதிவான அமைப்பு என்றால் அமைப்பின் பெயரிலேயே பதியுங்கள். பதிவுச் சான்றிதழ், செயற்குழுத் தீர்மானம், கையொப்பம் இட அதிகாரம் பெற்றவரின் அடையாள அட்டை, இவ்வளவுதான் அலைச்சல். தலைவர் பெயரில் இருந்தால் சம்மன் அவருக்குப் போகும், விபத்து வழக்கும் அவருக்குப் போகும். அடுத்த தேர்தலில் அவர் தோற்றால் வண்டி யார் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் காலமானாலோ அது அவருடைய சொத்துப் பட்டியலில் சேர்ந்துவிடும். பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். எப்படிப்பட்ட தலைவர் என்பது இதில் பேச்சே இல்லை.

கேள்வி: வெள்ளத்தில் இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய மின்சாரப் பிக்கப். காய்ந்த பிறகு ஓடுகிறது. விற்றால் ஏமாற்றியதாகிவிடும் என்று மனம் உறுத்துகிறது. இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமா?
— வாசகர், பூச்சோங்

பதில்: விற்றால் ஏமாற்று, ஏழைகளுக்குக் கொடுத்தால் தானமா? இது என்ன கணக்கு?

அந்தப் பேட்டரிப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது. உள்ளே ஈரம் புகுந்திருந்தால் அரிப்பு மெதுவாக வேலை செய்து, வாரங்கள் கழித்துக்கூடக் குறுக்கு மின்னோட்டமும் தீயும் வரலாம். இன்று ஓடுவது சான்று ஆகாது. வீட்டுக்கு ஒட்டி நிறுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வெள்ளக் காப்பு எடுத்திருந்தால் காப்புறுதி நிறுவனத்திடம் போங்கள். இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் பேட்டரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரி போய்விட்டது என்று தெரிந்தால், அது குப்பைகூட இல்லை. லித்தியம் பேட்டரிக் கழிவு நம் நாட்டில் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியல் போட்டிருக்கும் அபாயக் கழிவு. 2005ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் எஸ்டபிள்யூ 103 என்ற எண்ணில் வருகிறது. சுற்றுச்சூழல் இலாகாவின் உரிமம் பெற்றவர்தான் தொட வேண்டும். அதைக் கொண்டுபோய் ஓர் இல்லத்து வாசலில் நிறுத்தினால், கழிவை அப்புறப்படுத்தும் செலவை அனாதைப் பிள்ளைகள் தலையில் கட்டியதாகிவிடும். மின்சார வாகனப் பிரிவு வைத்திருக்கும் தொழிற்பயிற்சிக் கல்லூரி எதையாவது கேட்டுப் பாருங்கள். உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கும் இடத்தில், வெள்ளத்தில் நின்றது என்பதை எழுதிக் கொடுத்தால், மோட்டாரையும் சட்டகத்தையும் பிரித்துப் படிக்கக் கொள்வார்கள். பேட்டரியை என்ன செய்வது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பத்துமலை பாதையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். மின்சாரப் பிக்கப்பிலிருந்து விளக்குக்கு மின்சாரம் எடுக்கலாமாமே? அப்படி ஒரு வண்டியைத் தானமாகக் கேட்கலாமா?
— இளைஞர் குழு, கோம்பாக்

பதில்: எடுக்கலாம், வண்டியில் அந்த வசதி இருந்தால். எல்லா வண்டியிலும் இருக்காது. இருக்கும் வண்டிகளில் பலவற்றில் மூன்று கிலோவாட் அளவுக்கு வரும். மேலே சொன்ன லைட்னிங்கில் 9.6 வரை தரும் வகையும் உண்டு. விளக்கு, மின்விசிறி, ஒலிபெருக்கி, மோர் வைக்கும் குளிர்பதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவாட் என்றால் பத்து மணி நேரத்துக்கு 15 கிலோவாட்-மணி. 60 கிலோவாட்-மணி வண்டியில் கால் பங்கு. ஜெனரேட்டரின் சத்தமும் புகையும் இல்லாமல் காவடிப் பாட்டு காதில் விழும். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை வரும் விழாவுக்காக ஆண்டு முழுவதும் ஒரு வண்டியைக் கட்டி மேய்க்காதீர்கள். இரவல் கேளுங்கள். செந்தூல் ஐயா இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். விற்பதற்கு முன் தைப்பூசம் வந்தால், ஓட்டுநரோடு அனுப்பச் சொல்லலாம். மழை பெய்தால் இணைப்புகளைத் தரையில் விடாதீர்கள்.

கேள்வி: தானம் கொடுக்கும் வண்டியில் எங்கள் நிறுவனப் பெயரையும் சின்னத்தையும் வரைந்து கொடுக்கலாமா?
— வாசகர், பிறை

பதில்: பின்கதவில், ஒரு சாண் அகலத்துக்கு, வாங்குகிறவர் சம்மதித்தால். நாலு பக்கமும் வரைந்து தொலைபேசி எண்ணும் போடுவதாக இருந்தால், அதை விளம்பரச் செலவு என்று உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு, இல்லத்துக்கு மாதாமாதம் வாடகை கொடுங்கள். அதற்கு ரசீதும் கிடைக்கும்.